மரணம் போன்ற அவசரம்: முத்தியால்பேட்டை வீடு ஒன்றின் 2020

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை, விசா நீட்டிப்பு, பிரான்ஸ் பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்று, இதுதான் தினசரி வேலை. 2020-ல் என் கைவழியாகப் போன கோப்புகளில் ஒன்றை இங்கே முழுசாக எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். இந்தக் கோப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இதில் ஒரு வரியை நான் தப்பாகப் படித்தேன். அந்தத் தப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடும் அதிலிருந்த தாள்களும்

பெரியவருக்கு அப்போது 84 வயது. தெருவில் ‘சொல்தா தாத்தா’ என்றால்தான் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. இவர் எழுதிக் கொடுத்தார். பிறந்தது முத்தியால்பேட்டை, கடைசிவரை படுத்து எழுந்ததும் அதே வீடு. ஆனால் கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும்.

ஓசிஐ என்பதில் ‘குடிமகன்’ என்ற சொல் இருக்கிறதே தவிர அது குடியுரிமை இல்லை. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓட்டு இல்லை. விசா இல்லாமல் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டினர்தான். சாதாரண நாளில் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்காது.

மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், 57 வயது. அவரும் பிரெஞ்சுக் குடிமகள், ஓசிஐ. அவர் வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்போம், கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர், இந்தியக் குடிமகன். இவர்கள் இருவரும் பெரியவரோடு முத்தியால்பேட்டையில் இருந்தார்கள். மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பாரிஸ் புறநகரில். அவரும் அவர் மனைவியும் பிரெஞ்சுக் குடிமக்கள். மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு. 2020 ஜனவரியில் அங்கே வந்து சேர்ந்தது, யோகா கற்றுக்கொள்ள வந்த ஒரு பிரெஞ்சுப் பெண், சுற்றுலா இ-விசாவில்.

ஒரு கூரையின் கீழ் மூன்று விதமான தாள். கொரோனா வந்ததும் மூன்றும் மூன்று திசைக்கு இழுத்தன.

பூட்டு

அக்கா பிப்ரவரியில் தன் மகளின் பிரசவத்துக்காகப் பாரிஸ் போனார். திரும்பும் டிக்கெட் மார்ச் 28. மார்ச் 11 ராத்திரி அறிவிப்பு வந்தது: 13-ஆம் தேதி முதல் பெரும்பாலான விசாக்கள் நிறுத்திவைப்பு, ஓசிஐ அட்டைக்காரர்களின் விசா இல்லாப் பயணமும் நிறுத்திவைப்பு, ஏப்ரல் 15 வரை. அக்கா போன் செய்தார். “தம்பி, இது டூரிஸ்ட்டுக்குத்தானே? எனக்கு வீடு அங்கதானே இருக்கு?” இல்லை அக்கா, உங்களுக்கும்தான் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது முறை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். பிறகு விமானங்களே நின்றன. 24-ஆம் தேதி நள்ளிரவோடு நாடே அடைந்தது.

மாமா அந்த வாரம் தன் அம்மாவைப் பார்க்கக் கடலூர் போயிருந்தார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து முத்தியால்பேட்டை முப்பது கிலோமீட்டர்கூட வராது. வழக்கமாகப் பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் ஊர். இப்போது ஆல்பேட்டையில் தமிழ்நாட்டுப் போலீஸ், முள்ளோடையில் புதுச்சேரிப் போலீஸ். தமிழ்நாட்டில் பாஸ் கொடுத்தது மூன்று காரணத்துக்குத்தான்: திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவ அவசரம். தனியாக இருக்கும் 84 வயது மாமனாருக்குச் சோறு போட வேண்டும் என்பது மூன்றிலும் வரவில்லை. மே முதல் வாரத்தில் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்கள் மூலம் கடலூர் மாவட்டத்தில் தொற்று ஏறியதும், கடலூர் வண்டி என்றாலே எல்லையில் முகம் மாறியது. மாமா முத்தியால்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது மே மாதக் கடைசி. இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதமும் பெரியவரைப் பார்த்துக்கொண்டது மாடியில் குடியிருந்த பிரெஞ்சுப் பெண்.

மாடிக்காரி

இந்தப் பகுதியை நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வெளிநாட்டினர் வாழ்க்கை என்றால் கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், காபி என்று ஒரு படம் இருக்கிறது. அந்தப் பெண் பார்த்தது கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் பக்கத்து அறை. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றியது. பகலில் கீழே பெரியவரின் கூடத்துத் தரையில் வந்து படுத்துக்கொள்வார். சிவப்புச் சிமெண்டுத் தரை, தண்ணீர் தெளித்து விட்டால் ஒரு மணி நேரம் தாங்கும். பெரியவர்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார். மோரில் உப்பும் இஞ்சியும் போட, மண்பானைக்கு ஈரத்துணி சுற்ற, பதினொரு மணிக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டு வர, எல்லாம். இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். பட்டாளத்துப் பிரெஞ்சு, அறுபது வருடம் பழையது, என்று அந்தப் பெண் என்னிடம் ஒருமுறை சொன்னார். பெரியவருக்கு ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை வாங்கித் தருவதும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிஸ்கட் டப்பா மூடியில் பிரித்து வைப்பதும் அவர் வேலையாகிவிட்டது.

அவருடைய காகிதம் என்னிடம் வந்தது ஏப்ரலில். விசா முடியப்போகிறது, பயம். சாதாரணமாகச் சுற்றுலா இ-விசாவை நீட்டிக்கவே முடியாது. ஆனால் ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் விண்ணப்பித்தால் கட்டணமில்லாமல் நீட்டிப்பு என்று உத்தரவு இருந்தது. முதலில் ஏப்ரல் 30 வரை, பிறகு தேதி தள்ளித் தள்ளிப் போனது. வெளிநாட்டினரைத் தங்கவைக்கும் வீட்டு உரிமையாளர் தர வேண்டிய சி படிவம் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் தங்கும் முகவரிக்குப் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட், விசா, புகைப்படம், காரணம் எழுதி ஒரு கடிதம். வேலை முடிந்தது. பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பெயரும் பதிந்து வைத்தார்.

எனக்கு அன்றைக்கே மனசில் உறுத்தியது இதுதான். ஜனவரியில் வந்த பெண்ணுக்கு இந்த நாடு ஒரே நாளில் இருப்புக் கொடுத்தது. அது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் இதே முத்தியால்பேட்டை வீட்டில் குடியிருந்த அக்காவுக்குக் கதவு மூடியிருந்தது. விதிகள் பார்த்தது இரண்டே இரண்டை: கையில் என்ன பாஸ்போர்ட், நிற்பது எல்லைக்கு எந்தப் பக்கம். வீடு எங்கே இருக்கிறது என்று ஒரு கட்டமும் கேட்கவில்லை.

மே 22

உள்துறை அமைச்சகம் 2020 மே 22-ல் ஓசிஐக்காரர்களில் நான்கு வகையினர் வரலாம் என்று தளர்த்தியது. வெளிநாட்டில் இந்தியர்களுக்குப் பிறந்து ஓசிஐ அட்டை வைத்திருக்கும் சிறு பிள்ளைகள். குடும்பத்தில் மரணம் போன்ற அவசரத்துக்காக வர விரும்புபவர்கள். தம்பதியில் ஒருவர் ஓசிஐ, மற்றவர் இந்தியக் குடிமகன், இந்தியாவில் நிரந்தர வசிப்பிடம் உள்ளவர்கள். இந்தியாவில் வாழும் இந்தியப் பெற்றோரின் பல்கலைக்கழக மாணவர்கள்.

அக்கா மூன்றாவது வகை. அன்று ராத்திரியே தாள்களைத் திரட்ட ஆரம்பித்தோம். இங்கே ஒரு வாரம் வீணானது என் தப்பு. நிரந்தர வசிப்பிடம் என்றதும் முத்தியால்பேட்டை வீட்டுக்கு ஆதாரம் தேடினேன். வீடு பெரியவர் பெயரில், மின் ரசீது பெரியவர் பெயரில், பெரியவரோ பிரெஞ்சுக்காரர். அப்புறம்தான் திரும்பப் படித்தேன். உத்தரவு ‘இந்தியாவில்’ என்கிறது, புதுச்சேரியில் என்று சொல்லவில்லை. மாமாவின் ஆதாரும் ரேஷன் கார்டும் கடலூர் முகவரியில் இருந்தன. அதுவே போதும்.

திருமணச் சான்றிதழ் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு டிரங்குப் பெட்டியில். மாமா போட்டோ எடுத்து அனுப்பினார். அதில் அக்காவின் அப்பா பெயரில் ‘முத்து’ இங்கிலீஷ் முறையில்: எம், யூ, டி, ஹெச், யூ. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் அதே முத்து எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ. புதுச்சேரிக்காரர்களுக்கு இது பழகிய விஷயம், ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு இரண்டும் இரண்டு ஆள். இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழி எழுதி, கூடவே பிரெஞ்சுப் பிறப்புப் பதிவின் நகலையும் வைத்தோம். இன்னொன்று, அக்கா 50 வயதைத் தாண்டியபின் புதுப் பாஸ்போர்ட் எடுத்தவர். அந்த வயதுக்குப் பின் ஓசிஐ அட்டையையும் ஒருமுறை புதிதாக எடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதிக்குக் கொடுத்திருந்த தளர்வுக் காலம் ஓடிக்கொண்டிருந்ததால் பழைய அட்டையே செல்லும், ஆனால் அட்டையில் எண் உள்ள பழைய பாஸ்போர்ட்டும் கூடவே வர வேண்டும். இரண்டு பாஸ்போர்ட்டையும் அட்டையையும் ஒரே ரப்பர் பேண்டில் போட்டு வையுங்கள் அக்கா, பிரிக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன்.

ஜூன் முதல் வாரத்தில், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர அரசு விட்ட ஒரு வந்தே பாரத் விமானத்தில் அக்கா டெல்லி வந்தார். அன்றைய விதி 14 நாள்: ஏழு நாள் சொந்தச் செலவில் ஓட்டலில், ஏழு நாள் வீட்டில். டெல்லியில் ஏழு நாள் முடித்து, உள்நாட்டு விமானத்தில் சென்னை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்.

இந்தச் சாலையின் கடைசிப் பகுதியைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி ஆரம்பிக்கும். காலாப்பட்டு தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பம் முடிந்தால் முத்தியால்பேட்டை, திரும்பவும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் துண்டு துண்டாக விழுந்த எல்லை. பஸ்ஸில் போகும்போது டிக்கெட் விலைகூட மாறாது. அன்றைக்கு ஒவ்வொரு துண்டிலும் ஒரு தடுப்பு, தமிழ்நாட்டுக்கு ஒரு இ-பாஸ், புதுச்சேரிக்கு ஒரு இ-பாஸ். ‘சென்னை’ என்ற ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கேள்வி. ‘டெல்லி’யைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி. ‘பாரிஸ்’ என்றதும் காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். பாரிஸிலிருந்து டெல்லி ஒன்பது மணி நேரத்துக்குள் வந்துவிட்ட அக்கா, கனகசெட்டிக்குளத்திலிருந்து வீட்டுக்கு வர மூன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் உதவியது டெல்லி ஓட்டலில் கொடுத்த தனிமை முடிந்த சான்று. அதன் நகல் நான்கு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன், நான்கும் செலவானது.

மீதி ஏழு நாளுக்குப் பதில் அக்கா 14 நாள் மொட்டைமாடி அறையில் இருந்தார். கீழே அப்பாவுக்கு 84 வயது. சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் கயிற்றில் மேலே இழுத்துக்கொள்வார். சாயங்காலம் பெரியவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார், அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேசுவார்.

ஜூலை

ஜூலை இரண்டாம் வாரம் பெரியவருக்கு நெஞ்சுவலி. கொரோனா இல்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார்.

முதல் நாளே அண்ணன் பாரிஸிலிருந்து என்னை அழைத்தார். “நான் கிளம்பலாமா தம்பி?” அவர் மனைவியும் பிரெஞ்சுக் குடிமகள், ஆக தம்பதி வகையில் வர மாட்டார். மிச்சம் இருந்தது இரண்டாவது வகை. அந்த வரியை நான் அப்போது மனப்பாடமாகவே வைத்திருந்தேன். எனக்குப் பட்டது மரணம் என்ற சொல் மட்டும். “அண்ணே, இப்ப முடியாது. அப்படி ஏதாவது ஆனாத்தான் விடுவாங்க” என்று சொன்னேன். சொல்லும்போதே அந்த வாக்கியத்தின் கொடுமை எனக்குத் தெரிந்தது. விதியின் கொடுமை என்று நினைத்துக்கொண்டேன்.

விதியில் ‘மரணம் போன்ற குடும்ப அவசரம்’ என்றுதான் இருந்தது. போன்ற. சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க வருவது அந்தப் ‘போன்ற’வுக்குள் அடங்கும் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தை வைத்து வாதாடியிருக்கலாம். சிறப்பு விமானத்தில் இருக்கை கிடைப்பது அடுத்த கவலை. நாங்கள் கேட்கவே இல்லை. அண்ணன் கேட்கத் தயாராக இருந்தார், வேண்டாம் என்றவன் நான்.

ஐந்தாம் நாள் விடியற்காலை பெரியவர் போய்விட்டார். மகன் வர வேண்டும் என்று உடலை வைத்திருக்க வழியில்லை. வந்தாலும் தனிமைக் காலம் இரண்டு வாரம். அக்காவே கொள்ளி வைத்தார். மாமா பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், அண்ணன் திரையில். அஸ்தியை மட்டும் அண்ணனுக்காக வைத்தார்கள்.

மாடிக்காரப் பெண் அடுத்த வாரம் கிளம்பினார். ஜூலை 18 முதல் பாரிஸுக்கும் டெல்லி, மும்பை, பெங்களூருக்கும் இடையே சிறப்பு ஏற்பாட்டில் விமானங்கள் ஓட ஆரம்பித்திருந்தன. விசாவுக்கு அபராதம் எதுவும் இல்லை. போகும்போது அந்தப் பிஸ்கட் டப்பா மூடியை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 8 வாக்கில் அறிவிப்பு வந்தது: பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து ஓசிஐக்காரர்கள் எல்லோரும் வரலாம். பெரியவர் இறந்து நான்கு வாரம்கூட முடியவில்லை.

அண்ணனின் நான்கு நாள்

ஆகஸ்ட் 8 முதல் புது விதிமுறை. பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனையில் தொற்று இல்லை என்றால் ஓட்டல் தனிமை வேண்டாம், 14 நாள் வீட்டில் இருந்தால் போதும். இணையத்தில் தரவேண்டிய உறுதிமொழிப் படிவம் பயணத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அண்ணனின் விமானம் ஆகஸ்ட் 27, வியாழன் முற்பகல். சோதனை ஞாயிறு முற்பகலுக்கு முன்னால் எடுத்தால் செல்லாது. ஞாயிறன்று அங்கே பரிசோதனைக் கூடம் மூடல். திங்கள் காலை மாதிரி கொடுத்தார். படிவத்துக்கும் திங்கள் முற்பகல்தான் கெடு. கையில் முடிவு இல்லாமல் எதைப் பதிவேற்றுவது?

இந்த முறை நான் விதிமுறையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். சோதனை அறிக்கையை வந்து இறங்கும் இடத்திலும் காட்டலாம் என்று ஒரு வரி இருந்தது. படிவத்தை அன்று காலையே அனுப்பினோம். முடிவு புதன் ராத்திரி வந்தது. அச்செடுத்து, மாதிரி எடுத்த மணியைப் பேனாவால் வட்டம் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். அறிக்கையில் முடிவு வந்த நேரமும் இருக்கும், இரண்டில் கணக்கு எது என்று குழப்பம் வரக் கூடாது.

பெங்களூரில் இறங்கினார். தமிழ்நாட்டைக் கடக்க இ-பாஸ், ஆகஸ்ட் 17 முதல் ஆதாரோ ரேஷன் கார்டோ போன் எண்ணோடு கொடுத்தால் உடனே கிடைத்தது. அண்ணனிடம் இரண்டும் இல்லை. ஆகவே மாமா இங்கிருந்தே காரில் போனார், பாஸ் மாமா பெயரில், அண்ணன் உடன் பயணி. வழியில் ஒருவரும் அவரை எந்த நாட்டுக்காரர் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 21-ல் எல்லா நாட்டு ஓசிஐக்காரர்களுக்கும் திறந்தது. பழைய பாஸ்போர்ட்டைச் சுமக்கும் விதி 2021 மார்ச்சில் போனது. இப்போது இவை எதுவும் இல்லை. ஆனால் ஓசிஐ தாளில் வீட்டுக்குக் கட்டம் இன்னும் இல்லை. அடுத்த முறை கதவு மூடினால் இதே கோட்டில்தான் மூடும். வருடத்தில் பாதிக்கு மேல் இங்கே வாழ்பவர்களைத் தனி வகையாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை, கேட்கிற இடத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடையிலும் ஒன்று மாற்றியிருக்கிறேன். முடியாது என்ற சொல்லை நான் இப்போது என் வாயால் சொல்வதில்லை. விண்ணப்பம் போடுகிறோம், முடியாது என்றால் அவர்கள் எழுத்தில் சொல்லட்டும்.

செப்டம்பர் 12, சனிக்கிழமை. அண்ணனின் 14 நாள் முடிந்திருந்தது. மகாளய அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னாலேயே போய்விடலாம் என்று திருக்காஞ்சிக்குக் கிளம்பினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். சங்கராபரணியில் முழங்காலளவு தண்ணீர். அண்ணன் கலசத்தைக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கரைக்கு வந்ததும், அந்த மே மாத உத்தரவு உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்தது. இரண்டாவது வகையைத் தேடிப் படித்தார். இந்த வார்த்தைதானே என்று விரலை வைத்தார். ஆமாம் அண்ணே என்றேன். மன்னிப்புக் கேட்டேன். ஈரக்கையோடு தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “அப்பா எழுத்துக் கூட்டித்தான் எதையும் படிப்பாரு” என்றார். அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது. ஒரு மூலையில் தண்ணீர்க் கறை.